முப்பத்தெட்டு

அப்பா விட்டுச் சென்றவற்றில் எனக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. 1979ஆம் ஆண்டு மாடல் புல்லட் ஒன்று. பச்சை அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்று. கூட்டுறவுச் சங்கங்களில் பேரேடு எழுதப் பயன்படும் வகை நோட்டு அது. அப்பா கூட்டுறவுத் துறையில் மேற்பார்வையாளராக இருந்தார். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களின் கடன் சங்கங்களைப் பார்வையிடுவது அவருடைய வேலை. வண்டியை 1984இல் பழையதாக வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் அந்த நோட்டில் கணக்கு இருக்கிறது. தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய், அதற்கடுத்து சிவப்பு மையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. 'பிளக் சுத்தம்', 'செயின் இறுக்கியது', 'பின் டயர் காற்று குறைவு' என்று நாலைந்து சொற்களுக்கு மேல் அதில் எழுதமாட்டார்.

வழக்கமாக நாவல்களைப் பற்றி எழுதுகிறவன் இப்போது கார்புரேட்டரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு என்ற எண்ணுக்கு ஒரு புராணத்தன்மை உண்டு. 'என் வண்டி முப்பத்தெட்டு கொடுக்கும்' என்று அப்பா வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். 346 சிசி எஞ்சின். இரும்பு வார்ப்பு சிலிண்டர். எழுபது மில்லிமீட்டர் விட்டமும் தொண்ணூறு மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைப் பிஸ்டன். அப்படிப்பட்ட வண்டி முப்பது கொடுத்தாலே மரியாதை. கேட்பவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள். அப்பா நோட்டை எடுத்துவந்து காட்டுவார். 2018இல் அவர் இறந்த பிறகு வண்டி ஐந்து வருடம் கொட்டகையில் கிடந்தது. 2024 தொடக்கத்தில் நான் மதுரையிலிருந்து வார இறுதிகளில் போய் அதை ஓடவைத்தபோது லிட்டருக்கு இருபத்திநான்கு கிடைத்தது. முப்பத்தெட்டை எட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக அல்ல. என் சம்பளத்தில் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வசப்பட்டது எனக்கும் வசப்பட வேண்டும் என்ற ஆசைதான்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் என்ற பொருளே அநேகமாக இல்லாமல் போய்விட்டது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதை உணர்கருவிகளும் ஒரு சிறு கணினியும் தீர்மானிக்கின்றன. இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியாக விரைந்து செல்கிறது. விரையும் காற்றில் அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை நுண்துளைகள் வழியே மேலே உறிஞ்சுகிறது. கிண்ணத்தில் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் வண்டி நின்றபடி உறுமும்போது தேவைப்படும் கலவை வேறு, நாற்பத்தைந்தில் சீராக ஓடும்போது வேண்டியது வேறு, முழுவதும் முறுக்கிப் பிடிக்கும்போது வேண்டியது வேறு. எங்கள் வண்டியில் இருப்பது மிக்கார்ப், ஜப்பானின் மிகுனி வடிவத்தைத் தழுவியது. அதில் இந்த மூன்று நிலைகளுக்கும் மூன்று தனித்தனிக் காவலர்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருக்கும்போதும் கால்பங்கு திறப்பு வரையிலும் பைலட் ஜெட்டும் பக்கவாட்டிலுள்ள காற்றுத் திருகும் பொறுப்பு. கால்பங்கிலிருந்து முக்கால்வரை, சறுக்குக் குழாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் கூம்பூசி. அதற்கு மேல் மெயின் ஜெட்.

காற்றுத் திருகை வெளியே திருகினால் காற்று கூடும், கலவை மெலியும். உள்ளே திருகினால் பெட்ரோல் ஓங்கும். ஊசியின் தலைப்பக்கம் ஐந்து பள்ளங்கள். அவற்றில் ஒன்றில் சிறு கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கித் துளையை அடைக்கும். பெட்ரோல் குறையும்.

நான் முதலில் செய்த தவறு எல்லோரும் செய்வதுதான். நேராகத் திருகில் கை வைத்தேன். ஒரு மாதம் அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று விளையாடியும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பிறகுதான் நோட்டின் குறிப்புப் பத்தியை ஒழுங்காகப் படித்தேன். அப்பா ஒருபோதும் கார்புரேட்டரில் தொடங்கவில்லை. டயர் காற்று, பிரேக் ஷூ உரசுகிறதா, செயின், காற்று வடிகட்டி, டேப்பெட் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, தீப்பொறி விழும் நேரம் என்று எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் திருகைத் தொட்டிருக்கிறார். அவர் வரிசையில் போனேன். பின்சக்கர பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. வடிகட்டியில் கரிசல் புழுதி ரொட்டிமாவு போல அப்பியிருந்தது. காற்று அடைபட்டால் கலவை தானாகவே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். மிதவையின் வால்வு தேய்ந்து கிண்ணம் லேசாக வழிந்துகொண்டிருந்தது. இவற்றைச் சரிசெய்ததும் திருகைத் தொடாமலே இருபத்தேழு வந்தது.

மிச்சக் குறைக்குக் காரணம் ஊசியும் அது ஏறியிறங்கும் ஜெட்டும் தேய்ந்திருந்ததுதான். நாற்பது வருடம் ஊசி உரசி உரசி வட்டத் துளை நீள்வட்டமாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் நடுத்தர வேகத்தில் ஓடும் நேரம் முழுவதும் அந்த இடைவெளி வழியாகப் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும். எந்தத் திருகாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. புது ஜோடிதான் போடவேண்டும். கோவில்பட்டிக் கடைகளில் கிடைத்தவை சந்தேகத்துக்கு இடமான போலிகள். உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார்: "பழைய புல்லட் அண்ணாச்சிகிட்ட கேட்டுப் பாருங்க. கடைய மகன்கிட்ட விட்டுட்டார், ஆனா வீட்டுல பெட்டி நிறைய வச்சிருப்பார்."

அந்த அண்ணாச்சியிடம் போக எனக்குக் கால் எழவில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இங்கே பெட்ரோல் விலை ஏறிவிட்டது. அப்பாவுக்குப் பயணப்படி கிலோமீட்டர் கணக்கில்தான். விலைக்கேற்ப உடனே உயராது. பெட்ரோலுக்குக் குறைவாகச் செலவழித்து மிச்சம் பிடிப்பதில்தான் அக்காவின் படிப்புச் செலவு ஓடிக்கொண்டிருந்தது என்று அம்மா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள். 1991 ஜூனில் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு நேர்காணல். காலை பத்து மணிக்கு இருக்க வேண்டும். அப்பா அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினார். கயத்தாறுக்குச் சற்று முன்னால் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்தபடி சாய்ந்தது. அப்பாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. நேர்காணல் அத்தோடு போயிற்று. அவள் பிறகு பி.எஸ்சி. படித்துத் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அந்தக் கை சரியாகப் பொருந்தவில்லை. இன்றும் இடது கையால் குடத்தைத் திருப்பிக் கவிழ்க்க முடியாது.

வண்டியை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்து அண்ணாச்சி பட்டறையில் போட்டார்கள். அவர்தான் அதுவரை எங்கள் வண்டியைப் பார்த்துவந்தவர். மறுநாள் அவர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் நிற்கும் இடத்தில், 'நீர் ஊற்றின கலப்பட ஆயில்தான் காரணம்' என்று அப்பா சொன்னார். வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றினார். எங்கள் வீட்டில் அதுதான் நடந்த கதையாக நிலைத்துவிட்டது. அப்பாவின் சொல்லுக்கு அலுவலக வட்டாரத்தில் மதிப்பு இருந்தது. அவரைப் பார்த்து வேறு சிலரும் பட்டறையை மாற்றிக்கொண்டார்கள். அப்பா இருந்தவரை அந்தத் தெரு வழியாகப் போகமாட்டார். நானும் போனதில்லை.

காற்று வடிகட்டியைப் பற்றிய குறிப்புகளைத் தேடிக்கொண்டு 1991 பக்கங்களுக்கு வந்தபோது ஒரு வரியைப் பார்த்தேன். நேர்காணலுக்கு ஐந்து நாள் முந்தைய தேதி. குறிப்புப் பத்தியில்: 'மெயின் ஜெட் ஒரு எண் குறைவு. கிளிப் ஒரு பள்ளம் மேலே. சொந்தத்தில் செய்தது.' அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் சிவப்பு எண் முப்பத்துநான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எதிரே திருகு கால் சுற்று, கிளிப் ஒரு பள்ளம் என்று ஒரு சிறு திருத்தம். அந்த வரிக்கு நேரே முப்பத்தெட்டு. வட்டமிடப்பட்டிருந்தது. அதன் பிறகு நாலு மாதம் வெற்றுக் கோடுகள்.

ஆக முப்பத்தெட்டு என்பது வண்டி வருடக்கணக்கில் கொடுத்த எண் அல்ல. ஒரே ஒருமுறை, ஒரே ஒரு வரியில் வந்தது. அக்டோபரில் கணக்கு மறுபடி தொடங்குகிறது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. அதிலிருந்து கடைசிவரை அவர் முப்பத்துமூன்றைத் தாண்டவே இல்லை; தாண்ட முயன்றதற்கான குறிப்பும் இல்லை. வருகிறவர்களுக்கு அவர் திறந்து காட்டியது எப்போதும் அந்த ஒரே பக்கத்தைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கலவை மெலிந்தால் எரிதல் மெதுவாகும், வெப்பம் கூடும். வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போகும் பெட்ரோல் எரிவதற்கு மட்டுமல்ல, ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கவும்தான். காற்றினால் மட்டுமே குளிரும் இரும்புச் சிலிண்டருக்கு அது முக்கியம். வெப்பம் மிஞ்சினால் அலுமினியப் பிஸ்டன் இரும்பைவிட வேகமாக விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். அப்பா எப்போதும் நாற்பத்தைந்தில் போகிறவர். அந்த வேகத்தில் மெலிந்த கலவை வண்டியை ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பேர் பாரம். ஜூன் மாதம், கயத்தாறு வெளியில் மேற்கிலிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்பது அங்கே காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழுக்க முறுக்கிப் பிடித்திருப்பார். முழுத் திறப்பில் பொறுப்பு மெயின் ஜெட்டுடையது. அது சுருக்கப்பட்டிருந்தது.

இதில் என்னை மிகவும் வாட்டுவது வேறொன்று. நாற்பத்தைந்தில் ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட் எந்த எண்ணாக இருந்தால் என்ன? அந்தத் திறப்பில் பெட்ரோலை அளப்பது ஊசிதான். ஜெட்டைச் சிறிதாக்கியதால் அப்பாவுக்கு ஒரு துளிகூட மிச்சமாகியிருக்காது. முப்பத்தெட்டைக் கொடுத்தது கிளிப்பும் அவருடைய பொறுமையான கையும். ஜெட் கொடுத்தது கயத்தாறை மட்டும்தான்.

அக்காவுக்குத் தொலைபேசியில் அந்த வரியைப் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்டா. நான்தானே டார்ச் பிடிச்சேன்" என்றாள். அந்த விடுமுறையில் நான் ஆச்சி வீட்டில் இருந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் சாக்கை விரித்து, தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, அப்பா கார்புரேட்டரைப் பிரித்திருக்கிறார். ஜெட்டை அவள் கையில் கொடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையைப் பார்க்கச் சொன்னாராம். "ஊசிக்கண்ணு மாதிரி இருந்துச்சு." முப்பத்துமூன்று வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யார்கிட்ட சொல்ல? அம்மாகிட்டயா?" என்றாள். அம்மாவுக்கு இன்றும் அந்தப் பட்டறையின் பெயரைச் சொன்னால் முகம் மாறும். அவளிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்வேனா என்பதும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். எழுபத்தைந்து வயதிருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் தெரு முனையில் கேட்டபோதே எழுந்து நின்றுவிட்டார் என்று அவர் மருமகள் சொன்னாள். யார் மகன் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வாங்க தம்பி. மிட்டாய் மாதிரி இருந்த வண்டிய இப்படி வச்சிருக்கீகளே" என்றார். நான் சொல்ல வந்ததை நின்றபடியே சொல்லிவிட்டேன். ஜெட்டை மாற்றியது அப்பாதான், அவர் கையாலேயே எழுதியிருக்கிறார் என்று பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அவர் நோட்டை வாங்கவில்லை.

"பிளக்கக் கழட்டுனதுமே தெரிஞ்சு போச்சு தம்பி. சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் ஜெட்டையும் பார்த்தேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"பிள்ளைக்குக் கை முறிஞ்சு கட்டுப் போட்டு வீட்டுல கெடக்கு. அந்த மனுசன் மூஞ்சியப் பார்த்துட்டு என்னத்தச் சொல்ல?" பிறகு வேறு திசையில் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவையாவது வந்து சொல்லுவார்னு இருந்தேன். ஒரு ரெண்டு மூணு வருசம் இருந்தேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மையாக ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். அது நடக்காதபோதுதான் எதிர்பார்த்திருந்தது தெரிந்தது. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய ஊசிகள், ஜெட்டுகள். ஜோடியைத் தேர்ந்தெடுத்து விலையும் சொன்னார். வாங்கிக்கொண்டார்.

ஊசி மாற்றியபின் திருகை அப்பாவின் நோட்டில் 1992க்குப் பிறகு தொடர்ந்து வரும் ஒன்றரைச் சுற்றில் வைத்தேன். ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்ஸரில் பட்பட்டென்று வெடித்தது. குளிர்ந்த எஞ்சின் மூச்சுத் திணறியது. மெலிந்த கலவையின் அடையாளங்கள். இது எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அவுக வச்ச இடம் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு, தம்பி. இப்ப வர்றது வேற சரக்கு" என்றார். உண்மைதான். 2023இலிருந்து இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லாப் பம்புகளுக்கும் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பதே போதும். ஆகவே அதே துளை, அதே திருகு, அதே காற்று என்றால் கலவை தானாக மெலிந்துவிடும். கணினி உள்ள வண்டி அதை உணர்ந்து ஈடுகட்டும். நம் பித்தளைத் துளைக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு எத்தனாலின் ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றல்தான் இருக்கிறது. இருபது விழுக்காடு கலப்பில் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு இழப்பு. அப்பாவின் முப்பத்திரண்டை இன்றைய பெட்ரோலில் ஓட்டினால் முப்பதை ஒட்டித்தான் வரும். பிளக்கின் நிறத்தை வைத்துப் பார்ப்பதிலும் இதே சிக்கல். பழைய கையேடுகள் சொல்லும் பிஸ்கட் நிறம் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தது. 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. இப்போது நல்ல கலவையே வெளிறித்தான் தெரியும்.

அண்ணாச்சி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நன்றாகச் சூடேறிய பிறகுதான் திருப்புளியை எடுத்தார். முதலில் ஸ்லோ ஸ்பீடு திருகைக் கொஞ்சம் உயர்த்தினார். காற்றுத் திருகை மிக மெதுவாக உள்ளே திருகினார்; வண்டி கனத்துக் குரல் தாழ்ந்தது. வெளியே திருகினார், துடிப்பு உயர்ந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு தடுமாறியது. இரண்டுக்கும் நடுவில் உச்சமாக ஒலித்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு மயிரிழை உள்பக்கமாகவே நிறுத்தினார். பிறகு ஸ்லோ ஸ்பீடைத் தணித்தார். கிளிப்பையும் ஒரு பள்ளம் கீழே இறக்கச் சொன்னார். ஊசி உயர்ந்து பெட்ரோல் கொஞ்சம் கூடும். நான் தயங்கினேன், நான் வந்தது மிச்சம் பிடிக்க அல்லவா?

"குடிக்கட்டும் தம்பி. கொஞ்சம் குடிச்சாத்தான் நிக்கும்."

மெயின் ஜெட்டைக் கழற்றி எண்ணைப் பார்த்தார். அதற்குரிய எண்தான். ஊதிவிட்டு மாட்டினார். அதை வெளிச்சத்துக்கு நேரே ஒரு கணம் பிடித்துப் பார்த்தபோது இருவருமே ஒன்றும் பேசவில்லை.

டாங்கின் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு மதுரைக்கும் கோவில்பட்டிக்குமாக ஓட்டி மறுபடி அதே கழுத்துவரை நிரப்பிப் பார்த்தேன். 29.4 வந்தது. இரண்டாம் முறை 29.8. ஐம்பதைத் தாண்டாமல், ஒருவர் பாரத்தில். நோட்டில் அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினேன். சிவப்பு மை பேனா வீட்டில் இல்லை. நீல மையிலேயே எழுதினேன்.

அம்மா வண்டி நன்றாக ஓடுவதாகச் சொன்னாள். யார் பார்த்துக் கொடுத்தது என்று கேட்டாள். கோவில்பட்டியில் ஒருவர் என்று சொன்னேன். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, கலவை இன்னும் மெலியும், மழை பிடித்ததும் திருகைக் கொஞ்சம் உள்ளே வைக்கவேண்டும், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அக்காவும் வருகிறேன் என்கிறாள், பேருந்தில். ஐப்பசியில் போகவேண்டும்.